ராபர்ட்ஸின் இரு வெண்கலங்கள்

பிரிட்டிஷ் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸ் பெற்ற பதக்கங்களுள், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை, காபூல்–காந்தகார் நட்சத்திரம் ஆகிய இரண்டும் வெண்கலமே. 1857 கிளர்ச்சியை அடக்கும் போரில், 1858 ஜனவரி 2 அன்று வட இந்தியாவின் குதாகஞ்சில் இந்தியக் குதிரைவீரர் ஒருவரின் உயிரைக் காத்து, எதிரிகளின் கொடியொன்றையும் கைப்பற்றிய, அப்போது லெப்டினன்ட்டாக இருந்த ராபர்ட்ஸுக்குக் கிடைத்தது சிலுவை. அது தனியொருவரின் துணிவுக்கே உரியது.

நட்சத்திரமோ ஆப்கன் போரில், 1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து காந்தகாருக்குச் சுமார் 500 கிலோமீட்டர் நடந்த ராபர்ட்ஸின் படைக்குரியது. அங்கே எதிர்த்த ஆப்கன் தலைவர் அயூப் கானிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த அந்த ஐம்முனை நட்சத்திரம் வானவில் நிற நாடாவில் தொங்கும்; சிப்பாய்களும் பெற்றனர், ராபர்ட்ஸின் வோனோலெல் என்ற குதிரையும் பெற்றது.

வீரத்துக்குச் சிலுவையே பெரிது. ஆனால், 1881-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தவரின் பணிவாழ்வை அறிய, கூட்டு உழைப்பைச் சொல்லும் நட்சத்திரமே எனக்கு மேலான சான்று.