480 யூரோ போச்சு, மணிக்கட்டும் தொங்குது: கயிற்று வகுப்பில் சேரப் போகிறவர்கள் படிக்கவும்

வலது கையால் மட்டும் தட்டச்சு செய்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது மணிக்கட்டு இன்னும் மேலே எழவில்லை. இந்த அழகுக்கு நானும் கணவரும் சேர்ந்து 480 யூரோ கட்டினோம்.

பெர்லினில் இருக்கிறோம். ஷிபாரி என்கிற, துணையின் உடம்பைக் கயிற்றால் கட்டும் ஜப்பானிய முறைக் கயிற்றுக்கட்டு இங்கே ஒளித்து மறைத்துச் செய்கிற காரியம் இல்லை. வகுப்பு, பயிற்சிக்கூடம், கயிறு விற்கும் கடை எல்லாமே உண்டு. வயது வந்த இரண்டு பேர், இருவருக்கும் முழுச் சம்மதம், அவ்வளவுதான். இது சரியா தப்பா என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் இத்தோடு நகர்ந்துவிடுங்கள், எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நாங்கள் ஏமாந்த இடம் ஒரு தனியார் பயிற்சிக்கூடம். ஒரே ஆள் நடத்துவது, வார இறுதியில் இரண்டு நாள், தம்பதிகளுக்கு. முன்பதிவு ஒரு பொதுவான தளம் வழியாக. நான்கு ஜோடிகளுக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பதினோரு ஜோடி, ஒரு ஆசிரியர்.

நம்பிக்கை வந்தது அதற்கு முன்னால் நடந்த அறிமுகச் சந்திப்பில். ஆசிரியர் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். தோளில் பழைய அடி இருக்கிறதா, சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். கயிற்றைக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆறு மில்லிமீட்டர் சணல், ஒரு துண்டு எட்டு மீட்டர், நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைத் தீயில் காட்டிப் பொசுக்கி எண்ணெய் தடவியது. மூட்டை கட்டுகிற சணலில் வருமே, அந்த மண்ணெண்ணெய் வாடை துளியும் இல்லை. "சணல் உங்கள் நாட்டுப் பக்கம், வங்காளத்தில் விளைந்தது" என்றபோது எனக்குப் பெருமை வேறு! கடைசியாக, முனை மழுங்கிய வளைந்த கத்தரி ஒன்றை எடுத்துக் காட்டினார். விபத்தில் சிக்கியவர்களின் துணியை வெட்ட ஆம்புலன்ஸில் வைத்திருப்பார்களே, அதேதான். "இது என் இடுப்பை விட்டு இறங்காது. நீங்கள் சிவப்பு என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்துவேன்." இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம் பணம். தளத்துக்குக் கமிஷன் போகிறது, அதனால் நேராக எனக்கே அனுப்புங்கள், பணம் அனுப்பும் ஆப்பில் 'நண்பர்களுக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்றார். 480 யூரோ போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் நாள், கைகளை முதுகுக்குப் பின்னால் மடித்து மேல்கையோடும் மார்போடும் சேர்த்துச் சுற்றும் கட்டு. ஜப்பானியர்கள் தகாதெ கோதெ என்கிறார்கள். கணவர் போட்ட சுற்று தளர்வாக இருக்கிறது என்று சொல்லி, வகுப்புக்குச் செய்து காட்ட என்னை நடுவில் நிறுத்தி ஆசிரியர் தானே கட்டினார். மேல்கையின் வெளிப்பக்கம், தோள் தசை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே பாதுகாப்புக்குப் பெரிய தசை கிடையாது. இந்தக் கட்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய முதல் இடமே அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். 480 யூரோ வாங்கியவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சுற்று இறுகியதும் கட்டைவிரல் வரை சுரீரென்று கரண்ட் ஓடியது. சொன்னேன். என் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தார், வெளுத்த நகம் திரும்பச் சிவந்தது. "இரத்த ஓட்டம் அருமை, மூச்சை இழுத்து விடுங்கள்" என்று வகுப்பைப் பார்த்துப் பேசத் திரும்பிவிட்டார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்தால் கை முழுவதும் மெல்ல மெல்ல ஊதா நிறமாகும், சில்லென்று ஆகும், மரத்துப்போகும். அவிழ்த்தால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். நரம்பு நசுங்குவது வேறு. நிறம் மாறாது, சூடு குறையாது, நகம் அழகாகச் சிவக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுரீரென்று இழுக்கும், இல்லையென்றால் சத்தமே இல்லாமல் பலம் போய்விடும். நகத்தைப் பார்த்து நரம்பைச் சோதிக்கவே முடியாது. மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கச் சொல்லி, நம் கையால் எதிர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். பலம் குறைந்தால் அங்கேயே அவிழ்க்க வேண்டும்.

நான் "சிவப்பு" என்றேன். "இதோ, இந்த ஒரு விஷயத்தை முடித்துவிடுகிறேன்" என்றார்! கணவர் எழுந்து வந்து தமிழிலேயே "யோவ், முதல்ல அவிழ்யா" என்று கத்தினார். பிறகுதான் ஆசிரியர் முடிச்சில் கை வைத்தார், அதுவும் சிக்கிக்கொண்டது. கத்தரி எங்கே என்று கேட்டால் பக்கத்து அறையில், ஆணியில் தொங்குகிறதாம்.

கட்டு பிரிந்ததும் தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனேன், கை மணிக்கட்டிலிருந்து அப்படியே தொங்கியது. விரல்களை மடக்க முடிகிறது, நீட்ட முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் தொட்டால் தெரியவே இல்லை. "சாயங்காலம் சரியாகிவிடும், எல்லோருக்கும் வருவதுதான்" என்றார். நரம்பு மருத்துவர் கரண்ட் வைத்துச் சோதித்துவிட்டு, நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, திரும்ப வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம் என்று மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுவிட்டார். குடித்துவிட்டு பெஞ்சின் முதுகில் கையைப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு வருகிற அதே பாதிப்பாம். வீடியோ காலில் அம்மாவிடம் மவுஸ் பிடித்துப் பிடித்து வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் நல்லெண்ணெய் தேய்த்தாயா என்று கேட்கிறாள்.

இனி அந்த மனிதரின் பதில்கள். முதல் செய்திக்கு ஒரு இதயப் படமும் "ஓய்வெடுங்கள்" என்பதும். அடுத்ததற்கு, உங்கள் உடம்பு இன்னும் ஒப்புக்கொடுக்கக் கற்கவில்லை என்று தத்துவம். மருத்துவர் அறிக்கையை அனுப்பிய பிறகு குரல் மாறியது: "எல்லாப் பொறுப்பும் உங்களுடையதே என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." 480 யூரோவைத் திருப்பிக் கேட்டால் அடுத்த வகுப்பில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்! முன்பதிவுத் தளம், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று கைகழுவியது. ஆப்காரர்கள், நண்பருக்கு அனுப்பியதற்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது என்று முடித்துக்கொண்டார்கள். எதற்காக அப்படி அனுப்பச் சொன்னார் என்பது புரிகிறதா?

நுகர்வோர் ஆலோசனை மையத்தில் கேட்டோம். தேதி குறித்த பொழுதுபோக்கு வகுப்புக்கு 14 நாளில் ரத்து செய்யும் உரிமை செல்லாது, சரி. ஆனால் அச்சடித்த நிபந்தனைத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும், தன் கவனக்குறைவால் வந்த உடல் காயத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஜெர்மன் சிவில் சட்டம் 309ஆம் பிரிவு. இதை எழுதி அனுப்பினோம், எங்கள் இருவர் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் என்று நீளமாக ஒரு பட்டியல் போட நினைத்தேன், வலது கையும் வலிக்கத் தொடங்கிவிட்டது. அவசரத்துக்கு இவை: கத்தரி கட்டுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். நரம்பை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள், நகத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆசிரியர் கை காட்டுகிறவர்களிடம் விசாரிக்காமல், அவர் கயிற்றால் கட்டியவர்களை நீங்களே தேடிப் பேசுங்கள். 'நண்பர்களுக்கு' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயரை இங்கே போட்டால் வழக்குக்குச் சிக்கல் என்கிறார்கள். பெர்லினில் இந்த மாதிரி வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் எனக்குத் தனியாக எழுதுங்கள், சொல்கிறேன்.