வெள்ளத்துக்குப் பின் வீடு: தவணைப் பணமா, கட்டி முடித்த வீட்டின் சாவியா?

வெள்ளத்தில் வீடு இழந்த குடும்பத்துக்கு அரசு உதவி பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பணத்தைத் தவணையாக வங்கிக் கணக்கில் போட்டு, பழைய மனையிலேயே வீட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளச் சொல்வது. மற்றொன்று, வேறு இடத்தில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டிச் சாவியைக் கொடுப்பது. மனை சொந்தமாக இருந்து, அது ஆற்றின் ஓட்டப் பாதையில் இல்லையென்றால் முதல் வழிதான் நல்லது. ஆனால் அதில் பணம் எப்போது வருகிறது என்பது, எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே முக்கியம்.

இந்த இரண்டுக்கும் முன்பே உடனடி நிவாரணம் என்ற கட்டம் வந்துவிடும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022–26 காலத்துக்கான மத்திய அரசு வரைமுறைப்படி, முழுதாகச் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். பகுதிச் சேதம் என்று எழுதிவிட்டால் பக்கா (செங்கல், கான்கிரீட்) வீட்டுக்கு 6,500, கச்சா (மண்சுவர் போன்ற) வீட்டுக்கு 4,000. அதற்கும் குறைந்தது 15 சதவீதச் சேதம் இருக்க வேண்டும். இடையில் வேறு படிநிலையே இல்லை. கணக்கெடுப்பவர் எழுதும் ஒரு சொல்லில் லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. கேரளம் 2018 வெள்ளத்துக்குப் பின், மாநில நிதியையும் சேர்த்து, சேதத்தைச் சதவீதப் படிகளாகப் பிரித்து 10,000 முதல் 4 லட்சம் வரை கொடுத்தது. பாதி வீடு போனவருக்கு அதுவே நியாயமான முறை.

மண்சுவர் வெள்ளம் நிற்கும்போது விழாமல், நீர் வடிந்து காயும்போது விழுவது சகஜம். முதல் வாரத்தில் ‘பகுதி’ என்று பதிவான வீடு மூன்றாம் வாரத்தில் தரையோடு கிடக்கும். அப்போது மறு ஆய்வு கேட்டு வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், ரசீது வாங்காமல் வரக்கூடாது. இடிபாட்டை அகற்றும் முன் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். சுவரில் நீர் நின்ற கோட்டின் அருகே அளவுநாடாவை வைத்து ஒரு படம், அஸ்திவாரத்தில் மண் அரித்த இடத்தில் ஒரு படம். மூலைவிட்ட விரிசலும் தூக்குக்குண்டில் தெரியும் சாய்வும் ‘முழுச் சேதம்’ என்று வாதாட உதவும்.

இனி தவணை முறை. இந்தியாவில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப் பிரிவு குறைந்தது 25 சதுர மீட்டர் வீட்டுக்கு இப்படித்தான் பணம் தருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியிட்ட புகைப்படம் ஏறினால்தான் அடுத்த தவணை. பாகிஸ்தானின் சிந்து மாகாணம் 2022 வெள்ளத்துக்குப் பின் வீட்டுக்கு 3 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் வீதம் இதே முறையில் கொடுத்தது. இலங்கை, சுனாமிக்குப் பின் முழுச் சேத வீட்டுக்கு 2,50,000 இலங்கை ரூபாயை நான்கு தவணையாகத் தந்தது. இந்த வழியில் பழைய கதவு, நிலை, செங்கல் எல்லாம் மறுபடி பயன்படும். சமையலறை எந்தப் பக்கம் வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் சொல்ல முடியும். வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் மாறாது.

கெட்டுப்போவது அஸ்திவாரக் கட்டத்தில்தான். வெள்ளப் பகுதியில் தரைமட்டத்தை, அதாவது பேஸ்மென்ட்டை, பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே கொண்டுவர வேண்டும். உள்ளளவு 300 சதுர அடியுள்ள வீட்டை 2 அடி உயர்த்தினால் நிரப்ப வேண்டியது 600 கன அடி, அதாவது 6 யூனிட். தளர்வாகக் கொட்டிய மண் இறுகும்போது குறையும் என்பதால் ஏழரை யூனிட்டாவது வாங்க வேண்டும். அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்டினால் அடுத்த மழையில் தரை இறங்கி, தரை ஓடு பிளக்கும். மதிப்பீட்டில் பெரும்பாலும் இந்தச் செலவே இருக்காது, ஏனென்றால் மாதிரி வரைபடம் வெள்ளம் வராத மனைக்குப் போட்டது. முதல் தவணை இங்கேயே தீர்ந்து, சுவருக்குக் கந்துவட்டிக் கடன் வாங்குகிறார்கள். வெள்ளம் முடிந்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்குவதால் செங்கல் விலையும் கொத்தனார் கூலியும் ஏறியிருக்கும். ஈரம் பட்டுக் கட்டியான சிமெண்டைச் சலித்து விற்பவர்களும் வருவார்கள்; வாங்கவே கூடாது.

ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றாலும், கணக்கு நீண்ட நாள் இயங்காமல் கிடந்தாலும் பணம் திரும்பிப் போகும். விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

ஒப்பந்ததாரர் கட்டும் வீட்டில் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. துணையில்லாத முதியவர்களுக்கும் மனையே ஆற்றோடு போனவர்களுக்கும் இதுதான் வழி. ஆனால் அங்கே மனையைத் தேர்ந்தெடுப்பது அரசு. மலிவாகவும் காலியாகவும் கிடைக்கும் நிலம் பல நேரம் தாழ்வான நிலமாகவே இருக்கும். சென்னையில் ஆற்றங்கரைக் குடும்பங்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றக் கொண்டுபோன மக்களை மறுபடி மழைநீர் சூழ்ந்ததும், நகருக்குள் வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்த்தவர்கள் பயணச் செலவு தாங்காமல் வேலையை விட்டதும் மனம் வலிக்கும் விஷயங்கள். கட்டுமானத்திலும் பயனாளிக்குக் கண்காணிக்கும் உரிமை இல்லாததால், நீராற்றுதலை (கான்கிரீட் இறுகத் தண்ணீர் விடுவதை) மூன்று நாளில் நிறுத்துவது போன்ற குறைகள் சாவி கைக்கு வந்த பிறகே தெரியும். சாதாரண சிமெண்டுக்கே குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கு 10 நாள் தண்ணீர் விட வேண்டும்.

வாடகைக்கு இருந்தவர்களை இரண்டு வழிகளும் கைவிடுகின்றன. மேலே சொன்ன 2022–26 வரைமுறைப்படி, வீடு மூழ்கியிருந்தால் துணிக்கும் பாத்திரத்துக்கும் தலா 2,500 ரூபாய், அவ்வளவே. புறம்போக்கில் இருப்பவர்கள் தவணைத் திட்டத்துக்கு முன் பட்டா கேட்டு மனு போட வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பட்டா கிடைப்பது மிக அரிது என்பதால், அவர்கள் மாற்று மனையோடு சேர்த்துத் தவணைப் பணம் கேட்பதே சரியான கோரிக்கை.

இடமாற்றச் சம்மதப் படிவம் நீட்டப்பட்டால் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: புதிய வீட்டுப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வருமா, பழைய மனை யார் வசம் போகும், கடைசி வெள்ளத்தில் புதிய இடத்தில் எத்தனை அடி நீர் நின்றது.