லேப்டாப்பை வேகமாக்கக் கொடுக்கிறீர்களா? பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

பழைய லேப்டாப்பில் ரேம் கூட்டி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அந்த யோசனையில் தப்பே இல்லை. என் தங்கையின் லேப்டாப் 2017-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸ் காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க், விநாடிக்கு 100 எம்பி படித்தாலே பெரிய விஷயம். அதே இடத்தில், அதே இணைப்பில் மாட்டும் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் 500-ஐத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. அதனால் மாற்றச் சொன்னதே நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

தங்கை வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடையில் கொடுத்தாள். புது 256 ஜிபி எஸ்எஸ்டி, இருக்கிற ரேமோடு 8 ஜிபி சேர்த்து மொத்தம் 12 ஜிபி, விண்டோஸ் போட்டுத் தருவது உட்பட 7,500 ரூபாய் என்று பேச்சு. கணக்கை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சென்ட் கூட ஆகும் மேடம். வாரண்டிக்கு நான் இருக்கேன்ல" என்றிருக்கிறார்.

லேப்டாப் திரும்பி வந்தது. பறந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பழைய எஸ்எஸ்டியைப் புதிது என்று மாட்டிவிடும் ஏமாற்று வெளியே தெரியாமல் போவது இங்கேதான். எவ்வளவு தேய்ந்த எஸ்எஸ்டியாக இருந்தாலும் பழைய ஹார்டு டிஸ்க்கைவிட வேகமாகத்தான் ஓடும். வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. ஒருநாள் அது திடீரென்று செத்துப்போகும்போது கடைக்காரர் சொன்ன வாரண்டியும் முடிந்திருக்கும், உள்ளே வைத்திருந்ததும் போயிருக்கும்.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது சும்மா பார்க்கலாம் என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் வலது மேல்மூலையில் மொத்த ரேம் தெரியும். 12 இருக்க வேண்டிய இடத்தில் 8. கீழே ஸ்லாட் கணக்கு: இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டியது. அதாவது 8 ஜிபி போட்டவர், கூடவே வந்த 4 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்படி இருக்கிறது என்று காட்டும் இலவச மென்பொருள், இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். புது எஸ்எஸ்டியில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியில் பூஜ்யமோ, போட்டுப் பார்த்த சில மணி நேரமோதான் இருக்கும். இதில் 21,000-க்கு மேல் இருந்தது. இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட இரண்டரை வருட உழைப்பு. மீதி ஆயுள் 71 சதவீதம். மேலே காட்டிய மாடல் பெயர் வேறு, எஸ்எஸ்டி மேல் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் வேறு. சென்னை ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்: புது ஸ்டிக்கரின் ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் உரிந்த பசை வரிவரியாக இருந்தது. "ஆபீஸ் சிஸ்டம்ல இருந்து கழட்டுன மால்" என்றார்.

விண்டோஸும் அப்படித்தான். இந்த லேப்டாப் விண்டோஸ் ஹோம் பதிப்பின் லைசென்ஸோடு வந்தது. அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோமைத் திரும்பப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், செலவே இல்லை. கடையில் புரோ பதிப்பைப் போட்டு, திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டி, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்த ஃபோல்டரைப் பார்க்கக்கூடாது என்று விலக்கும் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் நெட் பேங்கிங் பார்க்கிறாள்.

கடைக்குப் போனோம். "யூஸ்டுன்னு யார் சார் சொன்னது? அது கம்பெனி டெஸ்டிங் ஹவர்ஸ்" என்றார். எந்தக் கம்பெனியும் ஒரு எஸ்எஸ்டியை இரண்டரை வருடம் டெஸ்ட் பண்ணுவதில்லை. ரேமைப் பற்றிக் கேட்டதற்கு, "நாலையும் எட்டையும் மிக்ஸ் பண்ணினா ஹேங் ஆகும், அதான் எடுத்துட்டேன்" என்றார். டிடிஆர்4-க்கு டிடிஆர்4 என்று வகை சரியாக இருந்தால், 4-உம் 8-உம் சாதாரணமாகச் சேர்ந்து ஓடும். அப்படியே எடுத்தாலும், எடுத்த ஸ்டிக் யாருடையது?

இவ்வளவையும் பணக்கணக்கில் எழுதித் தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒன்று உண்டு. "பழைய ஹார்டு டிஸ்க் எங்கே?" என்றாள் தங்கை. "அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு மேடம், ஃபார்மட் பண்ணித்தான் கொடுத்தோம்." யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சே முதலில் வரவில்லை. அந்த டிஸ்க்கில் அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள், எல்லோருடைய ஆதார் ஸ்கேன், பாஸ்புக் பக்கங்கள், டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் நம்பர்கள், குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் இருந்தன. குவிக் ஃபார்மட் எதையும் அழிக்காது. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும்தான் அழிக்கும். இலவச ரெக்கவரி மென்பொருள் இருந்தால் பெரும்பாலானதைத் திரும்ப எடுத்துவிடலாம். பிரௌசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அன்று இரவே மாற்றினோம். எம்ஆதார் ஆப்பில் வீட்டில் எல்லோருடைய பயோமெட்ரிக்கையும் லாக் செய்தோம். போட்டோக்களுக்கு என்ன செய்வது? அவள் அழுததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நல்ல கடைகள் நிறைய இருக்கின்றன. கண் முன்னால் பெட்டியைப் பிரித்து, போட்டு, சீரியல் நம்பரை பில்லில் எழுதித் தருகிறவர்கள் அவர்கள். இதெல்லாம் அரை மணி நேர வேலைதான். "நாளைக்கு வாங்க" என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. காசு கொடுப்பதற்கு முன்னால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ரேமைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மணிக்கணக்கைப் பாருங்கள். அந்தக் கணக்கையே அழிப்பவர்களும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதிது என்று விற்ற சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று அம்பலமானது. வழக்கமாகத் தெரியும் கணக்கை யாரோ துடைத்திருந்தார்கள். ஆகவே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய ரேம் என்றால்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன், அது எஸ்எஸ்டி மாதிரி எழுத எழுதத் தேய்வதில்லை. எஸ்எஸ்டி மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், அளவைப் பொய்யாகக் காட்டும்.

கழற்றிய டிஸ்க் குப்பை இல்லை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் பேக்கப் டிரைவாக ஓடும்.

பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். நாங்கள் சொன்னோம். விசிட்டிங் கார்டு, யூபிஐ ரசீது, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருந்தன. எஸ்எஸ்டி பணமும் 4 ஜிபி ஸ்டிக்கும் திரும்பி வந்துவிட்டன. டிஸ்க் வரவில்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அது முடியும்வரை கடைப் பெயரை எழுதப்போவதில்லை.

உங்கள் லேப்டாப் இந்த நிமிடம் ஏதாவது கடையில் இருந்தால், இப்போதே போன் பண்ணி, கழற்றும் டிஸ்க்கையும் ரேமையும் தனிக் கவரில் போட்டு உங்கள் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். சொன்னதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.