வெள்ளவத்தை முதல் கோட்டை வரை, மூன்றாம் வகுப்பு

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு வெள்ளவத்தையில். இடையில் ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். அந்தத் துண்டுத் தூரத்துக்காக எட்டு வருடம் ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். காலையில் காலி வீதியில் ஏறினால் பம்பலப்பிட்டியில் பாடசாலை வான்களுக்குப் பின்னால் நிற்கவேண்டும். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நிற்கவேண்டும். காலிமுகத்திடலில் கொஞ்சம் மூச்சுவிட்டு, புறக்கோட்டைக்குள் நுழைந்தபின் வண்டியை விட இடம் தேடி இன்னொரு கால் மணிநேரம் சுற்றவேண்டும். தங்கம் விற்கும் தெருவில் தங்கத்தை விட அரிதானது ஒரு கார் நிற்கும் இடம்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் வரிசையில் நின்ற காருக்குள்ளேயே இரண்டு இரவுகள் படுத்திருக்கிறேன். மனைவி பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, “இஞ்சாருங்கோ, இதற்குப் போடுகிற காசில் இன்னொரு பிள்ளையை வளர்த்திருக்கலாம்” என்றாள். பெற்றோல் திரும்பி வந்தது, விலையும் இறங்கியது. கார் மீதிருந்த பற்று மட்டும் திரும்பவில்லை. போன வருடம் அதை விற்றுவிட்டு ரயில் சீசன் டிக்கெட் எடுத்தேன். அந்த ரயிலைப் பற்றியும், அது கைவிடும் நேரங்களில் நான் ஏறும் பஸ்ஸைப் பற்றியும், கடைசிக்கு ஓட்டோவைப் பற்றியும் ஒரு பயணியின் மதிப்பீடு இது.

முதலில் காசு. ஓட்டோவில் ஒரே நாள் போய்வரும் செலவுக்குள் மூன்றாம் வகுப்பு மாத சீசன் அடங்கிவிடுகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன், தொழில் அப்படி. இரண்டாம் வகுப்பையும் ஒரு வாரம் சோதித்தேன். இருக்கை மெத்தென்று இருக்கும் என்கிறார்கள். காலையில் அதில் உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்? கூடுதல் காசு கொடுத்தாலும் நிற்பது அதே நிற்பு.

வெள்ளவத்தையில் ஸ்டேஷன் வீதியின் அடிவரை போய், மரைன் டிரைவைக் கடந்தால் நிலையம். அந்த வீதியைக் கடப்பதுதான் முழுப் பயணத்திலும் ஆபத்தான பகுதி. மஞ்சள் கோட்டில் கால் வைத்தவுடன் வாகனம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் கொழும்புக்கு நேற்று வந்தவர்கள். கடந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. மேடைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், அதற்கப்பால் கடல். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகிவிட்டால் எதுவும் அப்படித்தான் போலும். நானும் இப்போது பாதி நாட்கள் அப்படியே நிற்கிறேன்.

பாணந்துறைப் பக்கமிருந்து வரும் காலை ரயில்களில் மொரட்டுவைக்காரர்களும் இரத்மலானைக்காரர்களும் இருக்கைகளைப் பிடித்திருப்பார்கள். வெள்ளவத்தைக்காரனுக்கு மிஞ்சுவது நிற்கும் இடம். கதவடியில் முட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அவர்களில் பலர் அடுத்தடுத்த நிலையங்களில் இறங்குகிறவர்கள். “கொஞ்சம் உள்ளே” என்று எந்த மொழியில் சொன்னாலும் வழி விடுவார்கள். உள்ளே போய் இடப்பக்கம், அதாவது கடல் பக்கம், ஒரு சன்னலருகே நின்றுகொள்ளவேண்டும். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில், அலை கல்லில் மோதித் தூவானமாகச் சன்னலுக்குள் வரும். உடம்புக்கு இதமாக இருக்கும், மூக்குக்கண்ணாடிக்குத்தான் கேடு. கடைக்குப் போனதும் முதல் வேலை கண்ணாடியைத் துடைப்பது. துடைக்காமல் பேரேட்டைத் திறந்தால் 3 எது 8 எது என்று தெரியாது. தங்கக் கணக்கில் அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

என் பெட்டியில் ஒரு தாதி வருகிறார். வெள்ளைச் சீருடை, தோளில் துணிப்பை. வேலைக்குப் போகிறவரா, இரவு வேலை முடித்து வருகிறவரா என்று கேட்டதில்லை. மேலே கம்பியைப் பிடித்த கையில் நெற்றியைச் சாய்த்து, நின்றபடியே தூங்குவார். பம்பலப்பிட்டியில் விழிக்கமாட்டார், கொள்ளுப்பிட்டியில் பாதிக் கூட்டம் இடித்துக்கொண்டு இறங்கும்போதும் விழிக்கமாட்டார். கொம்பனித்தெரு வருவதற்குச் சில விநாடிகளுக்கு முன் கண் திறந்து, பையைச் சரிசெய்துகொண்டு கதவுக்கு நகர்வார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. எப்படி என்று பல நாள் யோசித்தேன். பிறகு கண்டுபிடித்தேன். கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை விட்டு உள்ளே திரும்புகிறது. உப்புக்காற்று நின்று, பேரை வாவியின் வாடை பெட்டிக்குள் வருகிறது. அவருடைய கடிகாரம் மூக்கில் இருக்கிறது. அந்த வாவியை யாராவது முழுமையாகச் சுத்தம் செய்துவிட்டால் பாவம், மருதானை வரை போய்விடுவார்.

கோட்டையில் இறங்குகிறேன். 1917 இல் கட்டிய நிலையம். புதியவர்களுக்கு ஒரு தகவல்: கோட்டை ரயில் நிலையம் இருப்பது கோட்டையில் இல்லை, புறக்கோட்டையில். வெளியே ஒல்கொட் சிலை. அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு இருபது நிமிட நடை. இதைப் பயணத்தின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பிரதான வீதியில் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு சுமை தூக்கும் நாட்டாமைமார் எதிரே வரும்போது ஒதுங்க இடமில்லாமல் துணிக்கடைக்குள் ஏறி நின்றிருக்கிறேன். இரண்டாம் குறுக்குத் தெருவின் முனையில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பும் வெள்ளையும் தெரியும். காரில் வந்த எட்டு வருடங்களில் அதை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் முன்னால் போகிறவரை இடித்திருப்பேன்.

ரயிலுக்கு நான் வைக்கும் குறை ஒன்றுதான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதை மனதில் வைத்திருக்கவேண்டும். பஸ் போல ஓடிப்போய்த் தொற்ற முடியாது. பணிப்பகிஷ்கரிப்பு என்று முந்தைய இரவுச் செய்தியில் சொன்னால் மறுநாள் சீசன் டிக்கெட் வெறும் அட்டை. மாலையில் நிலைமை இன்னும் கடினம். கோட்டைக்கு வரும்போதே மருதானையில் நிரம்பியிருக்கும் ரயிலில், ஐம்பத்து மூன்று வயதில், மதிய உணவுப் பெட்டியோடு ஏறுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஆகவே திரும்பும் வழிக்குப் பெரும்பாலும் பஸ்.

காலி வீதி பஸ் என்றால் 100, 101, 102. முதலாவது பாணந்துறை, மற்ற இரண்டும் மொரட்டுவை. எதில் ஏறினாலும் வெள்ளவத்தை வரும். 154, 155 இரண்டையும் வெள்ளவத்தையில் பார்க்கலாம். ஆனால் கோட்டைக்கு என்று நினைத்து ஏறினால் பம்பலப்பிட்டியில் கடலுக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே திரும்பிவிடும். ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் அப்படி ஏறிப் பொரளையில் இறங்கி அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். இன்னொன்று: பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி ஒருவழிப்பாதை, கோட்டைத் திசைக்கு மட்டும். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ் டுப்ளிகேஷன் வீதியால் வரும். காலையில் இறங்கிய தரிப்பிடத்துக்கு எதிரே நின்று மாலையில் காத்திருப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

தனியார் பஸ் ஏன் புறக்கோட்டையில் அரை மணிநேரம் அசையாமல் நின்றுவிட்டு, கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிறது என்று திட்டாதவர் இல்லை. கணக்குப் பார்ப்பவனுக்கு இது உடனே விளங்கும். 1958 இல் அரசுடைமையான பஸ் சேவைக்குள் 1979 இல் மீண்டும் தனியார் வந்தார்கள். அன்றுமுதல் பெரும்பாலும் ஒரு பஸ், ஒரு முதலாளி. சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வசூலில் பங்கு. புறப்படும்போது கூட்டம் சேரும்வரை நிற்பது இலாபம். பின்னால் அதே இலக்கம் தெரிந்துவிட்டால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளை அது அள்ளும் முன் போய்ச்சேர்வது இலாபம். ஆறுதலாகவும் ஒழுங்காகவும் ஓட்டுகிற சாரதிக்கு அந்தக் கணக்கில் நிரல் இல்லை. அரசின் சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் இந்தப் பந்தயம் குறைவு, டிக்கெட்டும் கேட்காமலே கையில் வரும். முன்னால் சிவப்பு வந்தால் அதில்தான் ஏறுவேன்.

ஆனாலும் நடத்துநர்களின் கையை ஒருமுறை பார்க்கவேண்டும். தாள்களை நீளவாக்கில் மடித்து, இருபது ஒரு விரலிடுக்கில், ஐம்பது அடுத்ததில், நூறு அதற்கடுத்ததில். மறு கையில் சில்லறைக் குலுக்கல். பஸ் வளைவில் சாயும்போது இடுப்பை இருக்கை முதுகில் ஊன்றிக்கொண்டு, யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்று அறுபது முகங்களையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கடையில் எனக்குக் கணினி இருக்கிறது. அப்படியிருந்தும் பிழை விடுகிறேன்.

ஒரே ஒரு சொல்லில் மட்டும் அவர்களை நம்பக்கூடாது. மிச்சக் காசு கேட்டால் ‘பஸ்ஸே’ என்பார்கள். சிங்களத்தில் அதற்குப் ‘பிறகு’ என்று அர்த்தம். போன மாதம் ஒரு தனியார் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். ‘பஸ்ஸே’ என்றார். நானும் தலையாட்டிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தைச் சந்தையடியில் இறங்கி, வீட்டுப் படியில் கால் வைத்தபோதுதான் நினைவு வந்தது. பிறகு பஸ்ஸோடு போய்விட்டது. கணக்கு எழுதுபவனுக்கு இது நடந்தது என்று கடையில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

பஸ்ஸில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கிய இருக்கைகளுக்கு மேலே மும்மொழியில் அறிவிப்பு இருக்கும். ‘தாய்மார்’ என்பது ‘நாய்மார்’ ஆகிவிட்ட அறிவிப்பு ஒன்றின் படம் முன்பு ஊரெல்லாம் சுற்றியது. ஒரு எழுத்துத்தான். அதற்குப் பிறகு நான் ஏறும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்த அறிவிப்பைத் தேடி எழுத்துக்கூட்டிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. அண்மையில் ஏறியவற்றில் தாய்மார் தாய்மாராகவே இருக்கிறார்கள்.

ஓட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மழை நாளுக்கும், சாமான் இருக்கும் நாளுக்கும். செயலிகள் வந்தபின் சந்தியில் நின்று விலை பேசும் தொல்லை குறைந்தது உண்மை. பிக்மீ என்ற உள்ளூர்ச் செயலி வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. ஆனால் கடும் மழையில், நமக்கு அது மிகத் தேவையான நேரத்தில், சாரதி அழைத்து “எங்கே போகவேண்டும்?” என்று கேட்பார். ‘செட்டியார் தெரு’ என்றவுடன் ஒரு சிறிய மௌனம். அடுத்த நிமிடம் பயணம் இரத்து. புறக்கோட்டைக்குள் வந்து மாட்டிக்கொள்ள அவருக்கும் விருப்பமில்லை. காரோடு அங்கே மாட்டியவன் என்பதால் கோபிக்க வாய் வரவில்லை. வந்தவர்களில் மாளிகாவத்தைக்காரர் ஒருவர் பிடித்துப்போய் இலக்கத்தை வாங்கிவைத்திருக்கிறேன். அண்ணன் என்ற முறையில் “நானா, மழை” என்று மட்டும் சொன்னால் போதும், கடை வாசலில் நிற்பார். கூலி செயலி காட்டுவதை விடக் கொஞ்சம் கூடத்தான்.

என் மூத்த மகன் மாலபேயில் படிக்கிறான். மாலபேக்கும் கோட்டைக்கும் இடையில் ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020 இல் கைவிட்டார்கள். வந்திருந்தால் அவனும் ஒரு சீசன் எடுத்திருப்பான். இப்போது கொள்ளுப்பிட்டிக்குப் போய் 177 இல் ஏறி, இராஜகிரிய நெரிசலில் தூங்கி, களைத்து வருகிறான். அவனுக்கு நான் பரிந்துரைக்க எதுவும் இல்லை.

நேற்று அடுத்த மாதத்துக்கான சீசனை எடுத்தேன், மறுபடியும் மூன்றாம் வகுப்பு. பழைய சேலை ஒன்றின் முந்தானையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து மனைவி தந்திருக்கிறாள். சீசனோடு சேர்த்து அதையும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், கண்ணாடி துடைக்க.