‘தூசி உறிஞ்சி இலவசம்’ என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஹட்டன் பக்கத்தில் மரச்செதுக்கு வேலை செய்கிறேன். அப்பா தோட்டத்துத் தச்சர். நான் அவரிடம் உளி பிடித்துப் பழகி, இப்போது கணினி சொல்கிறபடி செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் வரைக்கும் வந்திருக்கிறேன். இதே இயந்திரத்தை வாங்க நினைக்கும் தம்பிமார் பலர் விலை கேட்டு அழைக்கிறார்கள். விலையைச் சொல்வதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் கொழும்பில் ஒரு விற்பனையாளரிடம் 950,000 ரூபா கொடுத்து வாங்கினேன். முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. 600க்கு 900 மில்லிமீற்றர் மேசை, வெட்டும் அலகான பிட்டைச் சுழற்ற 1.5 கிலோவாற் ஸ்பிண்டில் மோட்டார். “தூசி உறிஞ்சி இலவசம் தம்பி, முழு செட்டும் வந்துவிடும்” என்றார். லொறியிலிருந்து இறக்கிப் பார்த்தால் அது வீட்டுத் தரைவிரிப்புக்குப் பிடிக்கிற வெக்கியூம் கிளீனர். உள்ளே ஒரு துணிப்பை, வெளியே ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். பயிற்சி கொடுக்க வந்த பையன் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். “ஸ்பிண்டிலை 24,000 சுற்றில் வையுங்கள், நகர்வை நிமிடத்துக்கு 1,000 மில்லிமீற்றரில் வையுங்கள் அண்ணன், வழுவழுவென்று வரும்” என்பதுதான் அவன் விட்டுச்சென்ற பாடம்.

வழுவழுவென்றுதான் வந்தது. முதல் நாள் அப்பா வந்து நின்று பார்த்தார். மேசையில் கிடந்த தூளை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தார். “இது சீவவில்லையடா, அரைக்கிறது” என்றார். கிழவருக்குப் புதிய இயந்திரம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதன் கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு வெட்டு முனை உள்ள 6 மில்லிமீற்றர் பிட் நிமிடத்துக்கு 24,000 முறை சுற்றினால் 48,000 தடவை மரத்தைக் கடிக்கிறது. அந்த நிமிடத்தில் நகர்வது 1,000 மில்லிமீற்றர்தான். ஒரு கடிக்கு 0.02 மில்லிமீற்றர், தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. அந்த அளவில் பிட் மரத்தை வெட்டாது, உரசும். உரசினால் சூடு. சீவல் தடிப்பாக விழுந்தால் சூட்டில் பெரும்பங்கை அதுவே வாரிக்கொண்டு போய்விடும். மாவாக விழுந்தால் சூடு பிட்டிலும் மரத்திலும் தங்கிவிடும். பிட் மழுங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பெப்ரவரி மாதம். பகலில் நல்ல வெயில், இரவில் பனி. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பலா மரத்தில் கதவுப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆறு மணிபோல யாரோ அழைத்தார்கள் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது தீய்ந்த வாடை. கணினி தூங்கப் போய்விட்டது, மின்சாரத்தைச் சேமிக்கிறதாம். கட்டளை நின்றதும் மேசையின் நகர்வு நின்றுவிட்டது. ஸ்பிண்டில் நிற்கவில்லை. தாமரை இதழின் நடுவில் ஒரே இடத்தில் 24,000 சுற்றில் சுழன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கரிவளையம், நடுவிலிருந்து நூல்போலப் புகை.

சிவப்பு அவசர பொத்தானை ஓங்கி அடித்தேன். ஸ்பிண்டில் சுழல்வதை விடவில்லை. இரண்டாவது தரமும் அடித்தேன். கடைசியில் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது.

பலகையில் தண்ணீர் தெளித்து, தொட்டுப் பார்த்து, குளிர்ந்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு ஏழு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பத்து நிமிடமும் வெக்கியூம் ஓடிக்கொண்டே இருந்ததை நான் யோசிக்கவில்லை. ஒரு சிறு கங்கு குழாய் வழியாகப் பைக்குள் போவதற்கு ஒரு செக்கன் போதும்.

மரத்தூள் அடுப்பு மலையகத்தில் பலருக்குத் தெரியும். தகர டின்னின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, போத்தலை உருவிவிட்டு, அடியில் ஒரு கொள்ளியை வைத்தால் போதும். பெரிய சுவாலை இருக்காது. மணிக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும், ஒரு சட்டி பருப்பு வெந்துவிடும். அந்த அடுப்பைத்தான் நான் பைக்குள் மூட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒன்பதரை மணிக்கு லயத்துக் கோடிவீட்டு அக்கா கதவைத் தட்டினார். “தம்பி, உங்கள் பட்டறைப் பக்கம் புகை மணக்கிறது.” என் பட்டறைக்கும் அந்த லயத்துக்கும் இடையில் பத்து எட்டு தூரம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், தகரத்துக்கு அடியில் காய்ந்த மரச்சட்டங்கள். ஒரு லயத்தில் தீப் பிடித்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இனிமேல்தான். புகைந்துகொண்டிருந்த வெக்கியூமின் மூடியைத் திறந்து பையை வெளியே இழுத்தேன். காற்றுப் பட்டது, பை கிழிந்தது, தூள் பறந்தது. கூத்து இரவில் பந்தத்தின் மேல் குங்கிலியத் தூளை வீசினால் குபீரென்று எழுமே, அப்படி எழுந்தது. புருவமும் முன்கை மயிரும் போயின. அக்காவின் மகன் நனைத்த சாக்கை மேலே போட்டான். பிறகு வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்தோம். வீசி ஊற்றினால் தூள் மறுபடியும் பறக்கும் என்று அதற்குள் புத்தி வந்திருந்தது. இயந்திரத்தின் வயர்கள் உருகியிருந்தன. லயம் தப்பியது.

மறுநாள் விற்பனையாளரை அழைத்தேன். “எல்லா இயந்திரமும் அப்படித்தான் தம்பி. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்” என்றார். ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது உண்மை, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அவசர பொத்தான் ஏன் ஸ்பிண்டிலை நிறுத்தவில்லை என்று கேட்டபோது பதில் வரவில்லை. ஹட்டனிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து காட்டினார். பொத்தான் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் போகிறது. ஸ்பிண்டிலை ஓட்டும் இன்வர்ட்டர் தனியாக, கையால் திருகும் குமிழில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு வயர்கூட இல்லை. உத்தரவாத அட்டையில் “தவறான பாவனைக்குப் பொறுப்பில்லை” என்று ஒரு வரி இருந்தது. பற்றுச்சீட்டில் “இயந்திரம் 1, துணைப்பொருட்கள்” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. தூசி உறிஞ்சி என்ற சொல்லே இல்லை. நான் கேட்டு எழுத வைத்திருக்க வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதும்போது இதுதான் என்னை இடறிவிட்டது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கடையில் வைத்தே ஸ்பிண்டிலை ஓடவிட்டு அவசர பொத்தானை அடித்துப் பாருங்கள். நிற்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஓடும்போது கணினியின் யு.எஸ்.பி. வயரையும் கழற்றச் சொல்லி, கட்டளை அறுந்தால் ஸ்பிண்டிலும் நிற்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் முகமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

என்னுடையதில் இப்போது பொத்தானை அடித்தால் முழு மின்சாரமும் போய்விடும்படி கொன்டாக்டர் போட்டிருக்கிறேன். கணினியின் தூக்கத்தை அணைத்துவிட்டேன். அதே 6 மில்லிமீற்றர் பிட்டை 16,000 சுற்றில், நிமிடத்துக்கு 3,000 மில்லிமீற்றர் நகர்வில் ஓட்டுகிறேன். தூளுக்குப் பதிலாகச் சிறு சீவல் விழுகிறது. அப்பா அதையும் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெக்கியூமுக்கு முன்னால் மூடியுள்ள இரும்பு டிரம் ஒன்றை வைத்து, தூள் அதில் விழும்படி செய்திருக்கிறேன். மாலையில் அது வெளியே போய்விடும், சுவரிலிருந்து தள்ளி. கடைசி வெட்டு முடிந்து ஒரு மணி நேரம் பட்டறையை விட்டு நகர்வதில்லை. பிளாஸ்டிக் குழாயில் உண்டாகும் நிலைமின்சாரத்தைச் சொல்லித்தான் பலர் பயமுறுத்துகிறார்கள். எர்த் வயர் போடுங்கள், நல்லதுதான். ஆனால் என்னைப் போன்ற சிறிய பட்டறையில் முதலில் பயப்பட வேண்டியது மழுங்கிய பிட்டுக்கும் பழைய ஆணிக்கும். பங்களாக்களிலிருந்து கழற்றிய பழைய பலகையில் வேலை செய்கிறவர்கள் காந்தத்தால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் ஏற்றவே கூடாது. ஆணியில் பிட் பட்டால் பொறி நேராகக் குழாய்க்குள் போகும்.

அந்த விற்பனையாளர் கடந்த வாரமும் விளம்பரம் போட்டிருந்தார். அதே படம், அதே துணிப்பை வெக்கியூம். விலை மட்டும் 25,000 ரூபா கூடியிருக்கிறது. தூசி உறிஞ்சி இன்னும் இலவசம்தான்.