புதுக்கோட்டை அருங்காட்சியகத்தின் மாணவர் நிகழ்ச்சிகள்: ஓர் ஆசிரியரின் பல்லாண்டு அனுபவம்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களைப் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிறேன். அங்கு நடைபெறும் பயிற்சிகள், சிறப்புக் கண்காட்சிகள், போட்டிகள், உரைகள் ஆகியவற்றில் எவை பிள்ளைகளின் மனத்தில் தங்குகின்றன, எவை அன்றைய மாலையோடு மறைந்துவிடுகின்றன என்பதை இத்தனை ஆண்டுகளில் ஓரளவு தெளிவாகவே பார்த்திருக்கிறேன். மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானக் காலத்தில், 1910இல் தொடங்கப்பட்டது இந்த அருங்காட்சியகம். நிலவியல், விலங்கியல், மானிடவியல், ஓவியம், நாணயம், கல்வெட்டு, செப்புத் திருமேனி என எல்லாத் துறைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் முதல்முறை வரும் குழந்தைகளுக்கு அதுவே சிக்கலாகவும் ஆகிவிடுகிறது. பாடம் செய்து வைக்கப்பட்ட விலங்குகளைப் பார்த்து வியந்து நிற்கும் பிள்ளையை, அடுத்த அரை மணி நேரத்துக்குள் முதுமக்கள் தாழி வரை இழுத்துச் சென்றால், எதுவும் அதன் மனத்தில் பதிவதில்லை. திருமயம் கோட்டைக்குச் செல்லும் வழியில் நான்கு பேருந்துகளில் மாணவர்களைக் கொண்டுவந்து இறக்கி, வரிசையாக உள்ளே நடத்தி, வெளியே அழைத்துச் சென்ற ஒரு பள்ளியையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காக உண்மையிலேயே வருந்தினேன்.

நான் கண்டவற்றுள் முதலிடம் தரத்தக்கது கல்வெட்டுப் பயிற்சிதான். தமிழ்ப் பிராமி எனப்படும் பழைய தமிழி எழுத்துகளையும், அதன் பின் வழங்கிய வட்டெழுத்தையும் பலகையில் எழுதிக் காட்டி, ஒவ்வொருவரையும் தம் பெயரை அந்த எழுத்துகளில் எழுதச் சொல்லும்போதே வகுப்பில் ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. அதன் பின் மைப்படி எடுக்க, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கக் கற்றுத் தருவார்கள். கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் சுருக்கமின்றி ஒட்டி, தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை தூரிகையால் தட்ட வேண்டும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்றினால், கறுப்புத் தளத்தில் எழுத்துகள் வெள்ளையாக மேலெழும். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலத் தொடக்கம் தாளில் தெளிவாக வந்ததைக் கண்டு, வகுப்பில் வாய் திறவாத எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மற்றவர்களைக் கூவி அழைத்தாள். ஒரு பாட நூலால் செய்ய முடியாததை ஈரத் தாள் ஒன்று செய்துவிடுகிறது என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

நாணயப் பயிற்சியும் இதற்கு இணையானது. புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசை உருப்பெருக்கியின் வழியாகக் காட்டும்போது, சுண்டுவிரல் நகத்தளவே உள்ள அந்தச் செப்புக் காசின் ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்த கோலமும், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் தெரியும். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு இந்தக் காசும் வழங்கப்பட்டது என்று சொல்லி, உடனே பிள்ளைகளைச் சற்றுத் தொலைவில் உள்ள பிரகதாம்பாள் கோயிலுக்கே அழைத்துச் சென்றுவிடலாம். தொண்டைமான்களின் குலதெய்வத்தையும் அவர்கள் வெளியிட்ட காசையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கும் வாய்ப்பு வேறு ஊர் மாணவர்களுக்கு எளிதில் வாய்க்காது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி உண்டு. ஆலங்குடிப் பக்கத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமீது வேண்டுமென்றே வெட்டப்பட்ட கீறல் இருந்தது. அவற்றுள் ஒரு பகுதி இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘ஏன் வெட்டினார்கள்?’ என்ற ஒரே கேள்வியை மாணவர்களிடம் விட்டுவிட்டால் போதும். செல்லாக் காசாக்குவதற்கா, உள்ளே தங்கம்தானா என்று சோதிப்பதற்கா, வேற்று மன்னன் முகம் பிடிக்காததாலா என்று அவர்களே வாதிடத் தொடங்கிவிடுவார்கள். உறவினர் வீடு இருக்கும் ஊரின் பெயர் ரோமாபுரியோடு சேர்ந்து வருவதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

போட்டிகளைப் பற்றி என் கருத்து சற்று மாறுபட்டது. எந்த அருங்காட்சியகமானாலும் ஓவியப் போட்டிக்கும் வினாடி வினாவுக்கும்தான் கூட்டம் மிகுதியாக வருகிறது. பரிசும் சான்றிதழும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுகளை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கும் மாணவன், காட்சிக்கூடத்துக்குள் கால் வைக்காமலேயே பரிசோடு வீடு திரும்பிவிட முடிகிறது. காட்சிப்பொருள் ஒன்றின் முன் அமர்ந்து பார்த்து வரையும் ஓவியப் போட்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு. தாழியின் வாய்விளிம்பை வரைய அதை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும்.

நாள்காட்டியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். உலக அருங்காட்சியக நாளான மே 18 கோடை விடுமுறையில் வருவதால், நகரத்தில் இருக்கும் குழந்தைகள் வருவார்கள். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிய சிற்றூர்ப் பிள்ளைகள் தவறவிடுவார்கள். அவர்களுக்கு நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரமே ஏற்றது. பள்ளி நடக்கும் காலம்; அரையாண்டுத் தேர்வுக்கும் இன்னும் நாள் இருக்கும். மழைக்காலம் என்பது ஒன்றுதான் தடை. மைப்படிப் பயிற்சியைத் திறந்தவெளியில் திட்டமிட்டிருந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி முடிந்த அதே வாரத்தில் சித்தன்னவாசலுக்குச் செல்வதை எங்கள் மன்றத்தில் வழக்கமாக வைத்திருக்கிறோம். சமணர் கோயிலின் தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ அங்குள்ள ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில், சமண முனிவர்களின் கற்படுக்கை அருகே உள்ள தமிழி எழுத்துகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் செய்யப்பட்ட இருக்கை என்ற செய்தியை, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் ஓர் அரசுப் பள்ளி மாணவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்க வேண்டும். புதுக்கோட்டைக்கு அருகில் பழங்காலக் கோட்டை இருந்த பொற்பனைக்கோட்டையில் அரசுத் தொல்லியல் துறை 2023இல் அகழாய்வு தொடங்கியதிலிருந்து இந்த ஆர்வம் பெற்றோரிடமும் பரவியிருக்கிறது. ‘எங்கள் கண்மாய்க் குமிழித் தூணிலும் எழுத்து இருக்கிறது சார்’ என்று, கண்மாயின் நீர் திறக்கும் மடைத் தூணைப் பற்றி ஊரிலிருந்து செய்தி கொண்டுவரும் மாணவர்கள் இப்போது மிகுந்துவிட்டார்கள். துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கும் கல்வெட்டை உடைக்காமல் காப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

புதிதாக அழைத்துச் செல்வோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பள்ளியின் கடிதத்தோடு முன்கூட்டியே நேரில் சென்று காப்பாட்சியர் அலுவலகத்தில் பேசிவிட்டால், உங்கள் வகுப்புக்கேற்ற விளக்கத்தைக் கேட்டுப் பெறலாம். முழுப் பள்ளியையும் ஒரே நாளில் அழைத்துச் செல்வதைவிட, இருபது பேர் கொண்ட குழுவை ஆண்டுக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் நாணயத்தில் தொடங்குங்கள். கல்வெட்டை எட்டாம் வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.