மடுவத்தில் ஒரு சீசன் ஓடிய பூட்டு: பைதானின் த்ரெடிங் லாக்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நான்தான் பைதான் மொழியில் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு டிஜிட்டல் தராசு, ஒரு பழைய லேப்டாப். தராசுக்கு ஒரு த்ரெட், அதாவது ஒரே ப்ரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை; இரண்டும் ஒரே ஃபைலில்தான் எழுதும். பைதானில்தான் ஜிஐஎல் என்ற உள்பூட்டு இருக்கே, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தானே ஓடும், இன்னொரு பூட்டு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரமே லயத்து வாசலில் அத்தை மறித்துக்கொண்டார். "பதினெட்டரை கிலோ எடுத்தும் அரைப்பேராடா? கணக்கப்புள்ளகூட இப்படி வெட்டினதில்ல!" அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

ஃபைலைத் திறந்தால் ஒரு வரியில் 214,307,22.0. அதற்குக் கீழே அநாதையாக 18.5. அத்தையின் இலக்கம் 214. இலக்கத்தை முதலில் எழுதிவிட்டு, தராசு ஆடி நின்றதும் எடையை எழுதும்படி வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் மற்ற த்ரெட் புகுந்து தன் வரியை முழுதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஜிஐஎல் பைதானின் உள்வேலையைத்தான் காக்கும். என் வரியை அல்ல.

சரியென்று த்ரெடிங் லாக்கைப் போட்டேன்: ஒரு த்ரெட் பிடித்திருக்கும்வரை மற்றதைக் காத்திருக்க வைக்கும் பூட்டு. பைதானோடு சும்மா வருவது, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஆனால் லாக்கை ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கித் தொலைத்தேன். த்ரெட்டுக்கு ஒரு பூட்டு. யாரும் யாரையும் தடுக்கவில்லை. வெளியே ஒரே லாக்கை உருவாக்கி இரண்டு த்ரெட்டுக்கும் அதையே கொடுத்த பிறகுதான் வேலை செய்தது.

அதிலும் ஒரு கூத்து. தராசு ஆடி நிற்கும்வரை லாக்கைப் பிடித்து வைத்திருந்தேன். ஒரு வரிசை நகர, பக்கத்து வரிசை கூடையோடு மழையில் நின்றது. இப்போது இலக்கம், எடை இரண்டையும் சேர்த்து முழு வரியாக்கிய பிறகே லாக்: வித் என்ற பைதான் கட்டளையைப் போட்டு உள்ளே போய், எழுதி, ஃப்ளஷ் செய்து (எழுதியதை உடனே ஃபைலுக்குத் தள்ளி) வெளியே வந்துவிடும். நடுவில் பிழை வந்தாலும் வித் பூட்டைத் திறந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே முழு மார்க் போடலாம்.

குறை இல்லாமலில்லை. லாக்கைப் பிடித்திருக்கும் த்ரெட்டே அதை மறுபடி கேட்டால் அப்படியே உறைந்து நிற்கும், ஒரு பிழைச் செய்தியும் வராது. பிடித்த த்ரெட்டே மறுபடி எடுக்கக்கூடிய ஆர்லாக் அதற்குத்தான்; அல்லது லாக்கைக் கேட்கும் அக்வயரில் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேர வரம்பு கொடுங்கள். இன்னொன்று, இது ஒரே ப்ராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ப்ரோகிராமுக்குள் மட்டும். சம்பளக் கணக்குப் போடும் செக்ரோல் ப்ரோகிராம் தனியாக ஓடி இதே ஃபைலைத் தொட்டபோது இந்தப் பூட்டு அதற்குக் கண்ணில் படவேயில்லை. அதற்கு ஃபைல்லாக் என்ற லைப்ரரியை இரண்டு ப்ரோகிராமிலும் போட வேண்டியதாயிற்று. ஒன்றில் மட்டும் போட்டால் பிரயோசனமில்லை.

ஐந்துக்கு நாலு. மூன்றாவது தராசு வருகிறதாம். வந்தால் க்யூவுக்கு மாறிவிடுவேன்: எல்லாத் த்ரெட்டும் வரியை அதில் போட, ஒரே ஒரு த்ரெட் எடுத்து எழுதும். அத்தைக்கு அந்த அரைப்பேர் சம்பளத்தில் திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் தன் கிலோவைத் தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டுதான் போகிறார்.